கூகைக்கு வாங்கிய வாய்தா

நாமகிரிப்பேட்டை மக்காச்சோளக் கிடங்கில் கூட்டிப் பெருக்கும் அங்காளம்மாளுக்கு ஐம்பத்துநான்கு வயது. ஒரு காலை, கூரைக்கடியில் சுவர்ப்பொந்திலிருந்து பாம்பு சீறுவதுபோல் சத்தம் வந்தது. ஏணி வைத்துப் பார்த்தாள். பஞ்சு உருண்டைகளாக ஐந்து கூகைக் குஞ்சுகள்.

கிடங்கு முதலாளி சின்னுசாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "சாக்குருவி ஆகாது. கம்பில தட்டி உட்ரு."

"குஞ்சுங்க. பதினஞ்சு நாள் பொறுங்க, பறந்துரும்," என்றாள் அவள், சிட்டுக்குருவிக் கணக்கில்.

"அந்த எச்சத்தை ஆரு கழுவறது?"

"நாந்தானுங்க."

பதினைந்து நாளாகியும் ஒரு குஞ்சுக்கும் சிறகு சரியாக முளைக்கவில்லை. கீழே எச்சமும், எலி எலும்பும் மயிருமாகக் கக்கிய உருண்டைகளும் குவிந்தன. குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பக்கத்துக் கால்நடை மருத்துவமனை டாக்டர் யாழினியிடம் போய்க் கேட்டாள்.

"கூகைக் குஞ்சு ரெண்டு மாசம் பொந்துலயே இருக்குங்க்கா. அஞ்சும் ஒரே நாள்ல பொரியாது. மூத்தது பறந்த பின்னாலயும் கடைசிக் குஞ்சு கொஞ்ச நாள் கெடக்கும்."

"ரெண்டு மாசந்தானுங்களா?"

டாக்டர் சிரித்தாள். அங்காளம்மாள் சிரிக்கவில்லை. அவள் மகன் மணிமாறனுக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே கை கால் விளங்காதவன். விடிவதற்குள் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

சின்னுசாமியிடம் மறுபடி வாய்தா கேட்டாள். அவர் முணுமுணுத்தார், ஆனால் பொந்துக்குக் கீழே மூட்டை அடுக்கச் சொல்லவில்லை. அவள் பழைய தார்ப்பாய் விரித்து, தினமும் உதறிக் கழுவினாள். ஆனி பிறந்ததும் மூத்தது போனது. பிறகு ஒவ்வொன்றாக மூன்று போயின. ஐந்தாவது மட்டும் பொந்து விளிம்பில் உட்கார்ந்து இறக்கையை அடிப்பதும், உள்ளே பதுங்குவதுமாக ஒன்பது நாள் இழுத்தடித்தது. "போயேஞ் சாமி," என்று ஒரு நாள் வாய்விட்டே சொன்னாள்.

பத்தாம் நாள் காலை பொந்து காலி. சின்னுசாமி ஆளை விட்டுக் கம்பிவலை அடிக்கச் சொன்னார். "இனி நிம்மதிதான உனக்கு?"

"ஆமாங்க."

சுவரைத் தேய்த்துக் கழுவி முடிக்க மதியமாயிற்று. சோற்றுத் தூக்குவாளியைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. மூட்டையில் சாய்ந்தவள், லோடு லாரி வந்து ஹாரன் அடிக்கும்வரை தூங்கினாள். சின்னுசாமி எழுப்பவில்லை.