நெருங்கிய உறவினர் பட்டியலில் இசக்கி இல்லை

முதலில் மாறியது காபியின் ருசி. இசக்கி போட்டுத் தந்த காபி ஒரு காலையில் இரும்புக் கம்பியை நக்கியதுபோல் இருந்தது. பால் சரியில்லை என்று நினைத்தேன். மறுநாள் தோசையும் அப்படியே இருந்தது. அந்த வாரக் கடைசியில் கால்கள் வீங்கின. காலையில் பதிந்த செருப்பு வாரின் தடம் சாயங்காலம் வரை மறையவில்லை.

நான் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறேன். அன்று முதலாம் ஆண்டு வகுப்பில் குடும்ப வகைகள் பாடம். கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம், ஒற்றைப் பெற்றோர் குடும்பம் என்று பலகையில் எழுதும்போதே மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) பல மடங்கு கூடியிருந்தது. பல வருட ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் வேலையைப் பார்த்திருக்கிறது.

“டீச்சர், ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு. டயாலிசிஸ் ஆரம்பிக்கணும். மாற்று சிறுநீரகத்துக்கும் இப்பவே யோசிங்க” என்றார் மருத்துவர். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “வீட்ல யார் யார் இருக்காங்க?”

“நாங்க மூணு பேர்” என்றேன்.

என் கணவர் இறந்து பதினோரு வருடமாகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய தங்கை இசக்கி, தன் கணவனை விட்டு மூன்று வயது மகள் வள்ளியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கும் முன்னால். அவர் போன பிறகு நாங்கள் மூவரும் அதே வீட்டில் இருந்துவிட்டோம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. இசக்கிக்குக் குற்றாலத்தில் பழக்கடை. எனக்குக் கல்லூரி. இருபது வருடம் குடும்ப வகைகளை நடத்தியவளுக்குத் தன் வீட்டை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

டயாலிசிஸ் (இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாள் முழுக்க எண்ணூறு மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது. அது சீசன் நேரம். ஊரே சாரலில் நனைந்துகொண்டிருக்க, நான் நாக்கு வறண்டு படுத்திருப்பேன். பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடலாம் என்று பழங்களையும் நிறுத்தினார்கள். கடையில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்து வைத்து விற்கும் இசக்கி, வீட்டுக்கு ஒரு பழம்கூடக் கொண்டுவருவதை விட்டாள்.

டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என் பாடங்களையே யோசிப்பேன். சமூகம் ஓர் உடல், குடும்பம் அதில் ஓர் உறுப்பு, உறுப்பு தன் வேலையைச் செய்தால் உடல் நன்றாயிருக்கும் என்பது செயல்பாட்டுவாதம். யாருடைய உழைப்பில் அந்த உறுப்பு ஓடுகிறது என்று கேட்பது பெண்ணியப் பார்வை. இரண்டாவதை நடத்தும்போது என் குரல் எப்போதும் கொஞ்சம் உயரும்.

வீரகேரளம்புதூரிலிருந்து என் அண்ணன் ஓடி வந்தான். அவனுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் கொடையாளராக முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதான். பெற்றோர் இல்லை, கணவர் இல்லை, பிள்ளை இல்லை. சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் பட்டியல் என் விஷயத்தில் அங்கேயே முடிந்தது.

“நான் தாரேன் மதினி” என்றாள் இசக்கி. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

முடியாது என்றேன். ஒரு மாதம் அதையே சொன்னேன். கடைசியில் ஒருநாள், மறுபடியும் அவள் கீரையோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: “குடும்பத்துல எப்பவும் பொம்பளைதான் கொடுக்கா. அது தப்புன்னு பாடம் நடத்திட்டு உங்கிட்டயே வாங்கச் சொல்லுதியா?”

அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். “யாரும் எங்கிட்ட கேக்கலயே மதினி. நானாத்தான சொல்லுதேன். வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குன்னா, தாரேன்னு சொல்ல எனக்கு இல்லியா? உங்க பாடத்துல அது வராதா?”

வரவில்லை. அன்றுவரை அந்தக் கேள்வியை நான் வகுப்பில் எழுப்பியதே இல்லை. மறுநாள் சரி என்றேன்.

ரத்த வகை சேர்ந்தது. மற்றப் பரிசோதனைகளிலும் அவள் தேறினாள். ஆனால் நாத்தனார் சட்டப் பட்டியலில் இல்லை. அன்பின் காரணமாகத் தருகிறாள் என்று அனுமதிக் குழு முன் நிரூபிக்க வேண்டும். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சான்றிதழ்களை முன்னதாகவே சேர்க்கத் தொடங்குங்கள். எங்களுக்கு ஒரே ரேஷன் கார்டில் மூன்று பெயர்கள் இருந்தது உதவியது. சேர்ந்து எடுத்த படம் கேட்டார்கள். வீடெல்லாம் தேடியும் மூன்றுதான் தேறியது. வள்ளியோடு ஒருத்தி நிற்க மற்றவள் படமெடுப்பதே எங்கள் வழக்கம்.

குழு முதலில் எங்களைத் தனித்தனியாக விசாரித்தது. பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள்.

“இவங்க உங்களுக்கு என்ன உறவு?” என்றார் தலைவராக இருந்தவர்.

“எங்க அண்ணன் பொண்டாட்டி சார்.”

“அண்ணன் இறந்து இத்தனை வருஷம் ஆச்சே. அதுக்கப்புறம் என்ன உறவு?”

இசக்கிக்குக் கேள்வியே புரியவில்லை. “அண்ணன் போனா மதினி போயிருவாவளா?” என்று திருப்பிக் கேட்டாள்.

“யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“மதினிதான் சார், வேண்டாம் வேண்டாம்னு ஒரு மாசம் கட்டாயப்படுத்துனாவ.”

ஓரத்தில் இருந்த பெண் மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “சரி, இவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? சொல்லுங்க.”

“திங்கக்கிழமை மிஷினுக்குப் போவையில அம்பத்தஞ்சு கிலோ இருப்பாவ. திரும்பி வரையில அம்பத்திரெண்டரை. உருளைக்கிழங்க ரெண்டு தண்ணியில வேகவச்சு வடிச்சுக் குடுத்தாத்தான் ஆகும். குடிக்கத பாட்டில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். அவ்வோ கோட்டைத் தாண்டிக் குடிச்சிட்டு, குழாய்ல பிடிச்சு ஊத்தி பழையபடி கொண்டாந்து வச்சிருவாவ. நான் கண்டுக்கிட மாட்டேன். தாகம் பொறுக்கலன்னாத்தான அப்படிச் செய்வாவ?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்த அறையில் எனக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. எத்தனையோ குடும்பங்களைப் பற்றிக் கள ஆய்வு செய்திருக்கிறேன். என்னை ஒருத்தி இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாள்.

அனுமதி வந்தது.

மதுரையில் அறுவை சிகிச்சை. மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் சிறுநீர்ப் பையைக் காட்டினார். அது நிறைந்துகொண்டிருந்தது. பல மாதங்களாக நான் பார்க்காத காட்சி. அடுத்த அறையில் இருந்த இசக்கிக்கு வலி அதிகம். கொடையாளருக்கு முதல் சில நாட்கள் கடினம் என்பதை யாரையும் உங்களிடம் மறைக்க விடாதீர்கள். அவளை வள்ளி பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இசக்கி சுவரைப் பிடித்தபடி நடந்து வந்து கதவருகே நின்று, “ஓடுதா?” என்று மட்டும் கேட்டாள். ஓடுகிறது என்றேன். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் கடை திறந்தாள். ஆபரேஷனாமே என்று விசாரிக்கும் வாடிக்கையாளர்களிடம், “ஆமா அண்ணாச்சி, ஒண்ணு எங்க மதினிகிட்ட இருக்கு. நல்லா வேலை பாக்கு” என்கிறாள். வெளிநாட்டில் வேலைக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்லும் அதே குரல்.

என் பழைய சிறுநீரகங்களை எடுக்கவில்லை. மூன்றாவது, அடிவயிற்றில் வலப்பக்கம் இருக்கிறது. குளிக்கும்போது கை வைத்தால் லேசான மேடு தெரியும். காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் மாத்திரை. புது உறுப்பை அந்நியம் என்று எண்ணி உடல் தாக்காமல் தடுக்கும் மருந்து அது. என் உடலுக்கு அவள் இன்னும் அந்நியம்தான். அதை நாளுக்கு இரண்டு முறை சமாதானப்படுத்துகிறேன். வருடக் கணக்கில் திட்டம் போட்டவள், இப்போது ஒன்பதிலிருந்து ஒன்பதுவரை வாழ்கிறேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எனக்குப் போதுமான அளவு பெரியது.

போன பரிசோதனையில் மருத்துவர் அந்த மேட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, “எப்படி இருக்கீங்க?” என்றார்.

“நல்லா இருக்கோம்” என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். ‘இருக்கேன்’ என்று திருத்தவில்லை.