மரம் வெட்டும் அம்மாவும் என் மாதிரி வினாத்தாளும்

இங்கிலீஷ் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் தயாரிக்கிறவர்களால் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிம்மதியாக உட்கார முடியாது. விலைப் பலகையில் 'சிக்கன்' என்ற ஒரே சொல்லை நாலு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். டியூஷன் நடத்தி, மூக்கில் மை ஒட்டியது தெரியாமல் பஸ் ஏறிய ஆசாமியா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். புரியாதவர்கள் பாக்கியசாலிகள்.

நான் கடை விரித்தது மலேசியாவில், ஈப்போ நகரத்தில், ஜமால் பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். ஒரு டைப்ரைட்டர், ஒரு சைக்கிளோஸ்டைல் மிஷின், நாலு பெஞ்சு. எழுபதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடங்கள் மலாய்க்கு மாறிக்கொண்டிருந்தன. இங்கிலீஷ் வெறும் ஒரு பாடமாகச் சுருங்கிவிட்டது, ஆனால் வேலைக்கு மனுப் போட்டால் மட்டும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவத்தில் இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள் சாயங்காலமானால் படியேறி என்னிடம் வருவார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குத் தராத 'டீச்சர்' பட்டத்தை ஜமால் பாய்தான் தந்தார்.

பதினொன்று எங்கே?

என் மிஷினுக்கு என்னைவிடக் கோபம் அதிகம். ஸ்டென்சிலைப் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், ஒரு தாள் கறுப்பாக வரும், அடுத்தது வெள்ளையாக வரும். கெட்டுப்போன தாள்கள் கீழே பாய் கடைக்குப் போகும், சோற்றுப் பொட்டலம் கட்ட. எங்கள் ஊரில் அதற்கு 'புங்குஸ்' என்று பேர். உள்ளே வாழையிலையில் சோறும் கறியும், வெளியே என் இலக்கணம். முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ராத்தூக்கம் கெட்டு யோசித்த கேள்விகளில் மீன் குழம்பு கசிவதை யார்தான் ரசிப்பார்கள்?

ஒருநாள் மத்தியானம், ஆயர் தாவார் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி டிரைவர் ஒருவர் தடதடவென்று மாடியேறி வந்தார். கையில் குழம்புக் கறை படிந்த என் தாள். சோற்றில் மை ஒட்டிவிட்டது, சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் மல்லுக்கட்டத் தயாரானேன். மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து தாளை நீவி என் முன்னால் வைத்தார். சாப்பிட்டு முடித்து, லாரியிலேயே உட்கார்ந்து கோடிட்ட இடங்களைப் பென்சிலால் நிரப்பியிருக்கிறார். பாதிக்கு மேல் சரி. நான் சொன்னதும் முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்:

"பத்து வரைக்கும் போட்டுட்டேன் டீச்சர். பதினொன்னு எந்த புங்குஸ்ல இருக்கு?"

எங்கிருந்து வருகிறாய்?

புதிதாக வருகிறவர்கள் எழுந்து நின்று, பெயரையும் ஊரையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்பது என் சட்டம். ஆரோக்கியமேரி என்ற பெண் எழுந்தாள். வயதில் என்னைவிட ஓரிரண்டுதான் குறைவு. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வருவதாகச் சொன்னாள். அவ்வளவுதான், பெஞ்சில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பேராக் மாநிலத்தில் யாரையாவது பைத்தியம் என்று கேலி செய்ய அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் போதும். மனநல ஆஸ்பத்திரி அங்கேதான்.

நான் மேசையைத் தட்டி அதட்டினேன். மேரி அசரவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர் வேலை செய்கிறாள். நோயாளிகளுக்குச் சோறூட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் அவள்தான். நர்ஸ் பயிற்சிக்குப் போக ஆசை, அதற்கு இங்கிலீஷில் பாஸ் வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதித் தவறிவிட்டாள். இந்தத் தடவையும் போனால் வயது தாண்டிவிடும், அப்புறம் மனுவே போட முடியாது. பயிற்சி கிடைத்தால், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். இத்தனையையும் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்த இருவரையும் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்:

"கிட்ட வாங்கலா, நான் கடிக்க மாட்டேன். கடிக்கிறவங்களுக்கே நான்தான் சோறு ஊட்டுறேன்."

தேவராஜுக்கு வேலை

வேலைக்கு மனு எழுதுவது எப்படி என்று ஒரு மாதிரிக் கடிதம் போட்டுக் கொடுத்திருந்தேன். கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டுமே என்று 'எஸ். தேவராஜ்' என்று ஒரு பெயரை நானே இட்டுக்கட்டி டைப் செய்தேன். குணசேகரன் என்ற பையன், கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தக் கடிதத்தை அச்சுப் பிசகாமல் எழுதி அனுப்பிவிட்டான். தேவராஜையும் சேர்த்து. வீட்டு முகவரி மட்டும் அவனுடையது. பெரிய மனசு.

நேர்முகத் தேர்வுக்கு எஸ். தேவராஜை வரச்சொல்லிப் பதில் வந்தது. குணா தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான். போய் உள்ளதைச் சொல் என்று திட்டி அனுப்பினேன். அங்கே இருந்த சீன சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவனுடைய அடையாளக் கார்டைப் பார்த்து அவன் பேரிலேயே வேலை கொடுத்தாராம். வகுப்பே கைதட்டியது. மேரி மட்டும் கணக்காக ஒரு வேலை வைத்தாள்:

"நர்ஸ் பயிற்சிக்கும் அதே மாதிரி ஒரு லெட்டர் போட்டுக் குடுங்க டீச்சர். பேர நானே போட்டுக்கிறேன்."

வெட்டா, தட்டா?

மேரியின் கட்டுரைகளில் எனக்கு ஒரே ஒரு தலைவலி. அம்மாவைப் பற்றி எழுதும்போதெல்லாம், 'என் அம்மா தினமும் நானூறு ரப்பர் மரங்களை வெட்டுகிறார்' என்று இங்கிலீஷில் எழுதிவிடுவாள். 'கட்' என்றே போடுவாள். தோட்டத்தில் பால் எடுக்கப் போவதை 'மரம் வெட்டப் போறேன்' என்றுதான் நம் ஜனங்கள் சொல்வார்கள், அது எனக்குத் தெரியும். தாள் திருத்துகிறவர் எந்த ஊரோ, யாரோ. ஒரு பொம்பளை ஒரே காலையில் நானூறு மரத்தைச் சாய்த்தால் அவர் என்ன நினைப்பார்? பட்டையைக் கீறிப் பால் எடுப்பது 'கட்' இல்லை, 'டேப்' (tap) என்று சிவப்பில் எழுதினேன். அடுத்த வாரமும் 'கட்' வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கரும்பலகை முழுக்க 'டேப்' என்று எழுதி, எல்லாரையும் கோரஸாகச் சொல்ல வைத்தேன்.

மேரி அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். அதில் முதல் அர்த்தம் தண்ணீர்க் குழாய், அடுத்தது மெதுவாகத் தட்டுவது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கம்மா கேட்டா சிரிப்பாங்க டீச்சர். நானூறு மரத்தையும் தட்டிக்குடுத்துட்டு வந்தா கங்காணி சும்மா விடுவானா?"

பரீட்சை முடிந்த மத்தியானம்

அந்த வருஷம்தான் மேரியின் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். அம்மா வெட்டிய மரங்களும் போய்விட்டன. அம்மாவுக்கு உரம் போடும் வேலை, அதுவும் எல்லா நாளும் கிடையாது. பரீட்சை நெருங்க நெருங்க மேரி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். அவளுக்காக எங்கள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். பாயும் தொழுகையில் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார்.

கட்டுரைப் பரீட்சை எழுதிய கையோடு மேரி நேராக மாடியேறி வந்தாள். கண் சிவந்திருந்தது. நீ வாழ்ந்த இடத்தில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தைப் பற்றி எழுது என்று வந்ததாம். தோட்டத்தைப் பற்றித் தொடங்கியிருக்கிறாள். பேனாவை வைத்ததும் அந்தச் சொல் மறந்துபோயிற்று. பைப்பில் தண்ணீர் சொட்டுவதுதான் ஞாபகத்துக்கு வந்ததே தவிர, 'டேப்' வரவில்லை. வேறு வழியில்லாமல் 'கட்' போட்டிருக்கிறாள். என்ன எழுதினாய், அப்படியே சொல் என்றேன். இங்கிலீஷில் ஒப்பித்தாள். தமிழில் சொன்னால் இதுதான்: 'என் அம்மா இருபது வருஷம் இந்த மரங்களை வெட்டினார். ஒரு மரமும் சாகவில்லை. கம்பெனி ஒரே ஒரு தடவை வெட்டியது.'

நான் கோரஸாகச் சொல்ல வைத்த சொல்லைப் போட்டிருந்தால் இந்த மூன்று வரி வந்தே இருக்காது. சிவப்புப் பேனாவை மூடி மேசைக்குள் போட்டேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ரெண்டுக்கும் ஒரே சொல்லப் போட்டுட்டேன் டீச்சர். ஒன்னு தப்புதானே?"

கீழே அனுப்புங்கள்

ரிசல்ட் வந்த அன்று மேரி மாடிக்கு வரவே இல்லை. கீழே கடையிலேயே கத்தத் தொடங்கிவிட்டாள். நான் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். பாஸ். பெரிய பாஸ் இல்லை, ஆனால் பயிற்சிக்குப் போதுமான பாஸ். அம்மாவுக்குச் சொல்ல சுங்கை சிப்புட் பஸ் பிடிக்கணும் என்று அவள் பறந்தாள். பாய் விடவில்லை, அம்மாவுக்கென்று ஒரு பிரியாணிப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தார். நான் அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கு வெட்கம் என்ன?

அவள் போன பிறகு, என்ன எழுதினாளாம் என்று பாய் கேட்டார். வெட்டு, தட்டு விவகாரத்தை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். கல்லாவில் சாய்ந்துகொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அந்தத் தட்டுற பேப்பர் பூரா கீழ அனுப்பிருங்க டீச்சர், புங்குஸ் கட்ட ஆவும்."

இப்போது என் மாதிரித் தாளில் 'கட்', 'டேப்' இரண்டு சொல்லும் இருக்கின்றன. எது சரி என்று கேட்கிறவர்களிடம், வெட்டினது யார், அம்மாவா கம்பெனியா என்று திருப்பிக் கேட்பதுதான் என் இங்கிலீஷ் புலமையின் மொத்தச் சரக்கு.