கீழே விழாத போன்

பல்செட் கட்டுவது அவருக்குத் தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே முக்காலி. சொந்தக்காரர்களுக்கோ அவர் போன் டாக்டர். தொடுதிரை போன்கள் வந்த புதிது அது. வாங்கிய போனை வாங்கியபடியே வைத்திருப்பவன் கையாலாகாதவன் என்பது அவர் கட்சி. மெழுகு செதுக்கும் கத்தியால் பின்மூடியை நெம்புவார், கம்பெனிக்காரன் போட்ட பூட்டை உடைத்து ரூட் செய்வார், முகம் தெரியாத யாரோ எழுதி இணையத்தில் வைத்த மென்பொருளை ஏற்றுவார். ஆமை வேகத்தில் நகர்ந்த போன் துள்ளி ஓடும். சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளக்க, இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பல்செட் கட்டியதற்காக யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை, பாவம்.

அவர் மனைவியின் தங்கைக்கு இரண்டு காதும் மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். தையல் வேலை செய்து குடும்பத்தைத் தள்ளுகிறவள். துணி கொடுத்தவர்கள் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டே தைப்பாள். ஆனால் தையல் மெஷின் ஓடுகிற ஆட்டத்தில் போன் அதிர்வது அவளுக்குத் தெரிவதில்லை.

"அத்தான், இது இன்னும் பலமா அதிர்ற மாதிரி பண்ண முடியுமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதெல்லாம் ஒரு வேலையா? அஞ்சு நிமிஷம் உட்காரு."

அந்த மாடலில் இரண்டு வகை உண்டு. வெளியே பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான், உள்ளே இருக்கும் போர்டு வேறு. பேட்டரியைக் கழற்றி, அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்த பிறகே இதை ஏற்றவும் என்று, அதிர்வைக் கூட்டும் மென்பொருளை எழுதியவன் சிவப்பு எழுத்தில் கதறியிருந்தான். போன் டாக்டர் அதைப் படித்தார். நமக்குத் தெரியாததா என்று ஏற்றினார். நோயாளி வாயில் வைத்துப் பார்க்காமல் ஒரு செட்டைக்கூடக் கடையை விட்டு அனுப்பாத மனிதர்தான் இவர்.

முக்கால்வாசி ஏறியதும் திரை அணைந்தது. அணைந்தது அணைந்ததுதான். பேட்டரியைக் கழற்றியபோது அடியில் இருந்த எண் அவரைப் பார்த்துச் சிரித்தது. சார்ஜர் செருகினார், சின்ன விளக்குகூட வரவில்லை.

மனைவியும் இரண்டு சித்தப்பா மகன்களும் எட்டிப் பார்த்தார்கள். தப்பு பண்ணிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என்ன குடி முழுகிப்போகும்? அவர் வாயில் வந்தது வேறு.

"இது எப்பவோ கீழ விழுந்திருக்கும்மா. உள்ள எல்லாம் ஆடிப்போயிருக்கு. அதான் தாங்கல."

"நான் போடலையே அத்தான்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி விடுங்க. உங்களுக்கும் வீண் சிரமம்," என்றாள்.

அவள் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசியது அவரைச் சுட்டது. சுட்டும் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பேர் துணியை வேறு தையல்காரியிடம் கொடுத்துவிட்டார்கள் என்று மனைவி சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேடி அலைந்து அதே மாடலில் பழைய போன் ஒன்றை வாங்கினார். இந்தத் தடவை பேட்டரியைக் கழற்றி எண்ணைப் பார்த்த பிறகே மென்பொருளை ஏற்றினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

போன் மடியில் அதிர்ந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டே பார்த்தாள், அப்போதும் தெரிந்தது. உடனே உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். ஏழு வயதுப் பெண் வந்து மெஷினுக்குப் பின்னால் ஒண்டி நின்றது.

"பெரியப்பாகிட்ட சொல்லு."

"நான்தான் கீழ போட்டேன் பெரியப்பா. இனிமே தொடமாட்டேன்."

"நான் போடலைன்னா வேற யாரு போட்டிருப்பா?" என்றாள் தாய். "மூணு நாள் இல்லவே இல்லைன்னு சாதிச்சா. ரெண்டு வச்சப்புறம்தான் உண்மை வந்துச்சு. இப்பவே இவ்வளவு பொய் சொன்னா எப்படி அத்தான்?"

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "அவ போடலம்மா. யாருமே போடல. நான்தான் தப்பான சாஃப்ட்வேரை ஏத்திக் கெடுத்தேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் அவர் உதட்டையே பார்த்தாள். "திரும்பச் சொல்லுங்க அத்தான். மெதுவா."

ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து, அவர் இன்னொரு தடவை சொன்னார். மெஷின்மேல் கிடந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அவர் குழந்தைமுன் மண்டியிட்டார். "நீ போடவே இல்லடா கண்ணு. பெரியப்பாதான் கெடுத்தேன்."

"இல்ல பெரியப்பா, நான்தான் போட்டேன்." அவர் விரலைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு இழுத்துப்போய்த் தரையைக் காட்டியது. "இங்கதான் விழுந்துச்சு. டொக்குனு சத்தம் வந்துச்சு. அம்மாவுக்குத்தான் கேக்கல."