படம் உறைந்த நொடி

வாரம் ஒருமுறை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் ஆட்டின் கழுத்து இரத்தக் குழாய்களை மட்டும் வாங்குவேன். மதுரையில் இப்படிக் கேட்டிருந்தால் கடைக்காரர் ஊரையே கூட்டியிருப்பார். இங்கே கறிக்கடை மணியம் அண்ணன் சிரிப்பார். "டாக்டர், கறி வேணாமா? வெறும் குழாயை வச்சு என்ன சூப்பு வைப்பீங்க லா?" தையல் பழகுவதற்கு என்றால் நம்பமாட்டார். மறுவாரம் எலும்பையும் சேர்த்துக் கட்டித் தருவார், சூப்புக்கு.

நான் வேலை பார்ப்பது கிள்ளானில் ஒரு சிறு மருத்துவமனை. வெட்டுக்காயம் வராத வாரம் கிடையாது. அதற்காகத்தான் அந்தக் குழாய்களைத் தட்டில் குத்தி நிறுத்தி, அறுத்து, திரும்பத் தைத்தேன். தொண்ணூறுகள் முடியப்போகும் காலம். கம்ப்யூட்டர் மேல் ஒரு சின்னக் கேமரா வந்துவிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே மதுரையிலிருந்து செல்வராஜ் என் கையைப் பார்த்துத் திருத்துவான், தானும் தைத்துக் காட்டுவான். இரத்தக் குழாய் அறுவையில் கெட்டிக்காரன். ஆனால் கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் ஜூனியர். ஹாஸ்டலில் அவனை முட்டி போடவைத்துக் காது கிழிய அறைந்தவன் நான். எங்கள் கல்லூரியில் சீனியர் என்றால் சாகும்வரை சீனியர். திரையில் என் முகம் தெரிந்ததும் நாற்பது வயதில் எழுந்து நிற்பான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள், "சார், கீழ்த்துண்டுல ஊசி எந்தப் பக்கமிருந்து நுழையுதுன்னு பாருங்க. அதுலதான் எல்லாம் இருக்கு," என்றான். அந்த நொடியில் படம் உறைந்தது. மீண்டும் அசைந்தபோது முடிச்சே போட்டுவிட்டான்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்டா, மேல சொல்லு."

ஜூனியரிடம் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அதற்கு மூன்றாம் வாரம் ஆறுமுகத்தைக் கொண்டுவந்தார்கள். கேரி தீவுத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுபவர். குடிவெறியில் சொந்த மச்சானே பாராங் கத்தியை வீசியிருந்தான். கழுத்தைக் காக்க வலக்கையைத் தூக்கியிருக்கிறார். முழங்கைக்கு மேலே எலும்புவரை பிளந்திருந்தது. கட்டை அவிழ்த்ததும் இரத்தம் என் கண்ணாடியில் பீச்சியடித்தது. வெளியே அவர் மனைவி, "என் அண்ணனை நானே வெட்டுறேன், விடுங்கடா!" என்று கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். என் ஆட்டுக் குழாய்கள் ஒருநாளும் இரத்தம் சிந்தியதில்லை. 

"கே.எல். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம் டாக்டர், அங்க ஸ்பெஷலிஸ்ட் இருக்காரு லா," என்றார் சிஸ்டர் மேரி.

"எனக்குத் தெரியும்," என்று எரிந்து விழுந்தேன்.

தெரியாது. கீழ்த்துண்டில் ஊசி உள்ளிருந்து வெளியே வரவேண்டும். நான் வெளியிலிருந்து உள்ளே குத்தினேன். உள்சவ்வு பிரிந்து குழாயைக் கதவுபோல் அடைத்துவிட்டது. காலையில் விரல்கள் நீலம், கை சில்லிட்டிருந்தது. கோலாலம்பூர் கொண்டுபோனதும் முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். மச்சான் தொடங்கியதை நான் முடித்துவைத்தேன்.

செல்வராஜை அழைத்துச் சொன்னேன். ஊசியை எந்தப் பக்கமிருந்து குத்தினேன் என்று மட்டும் கேட்டான். பிறகு, "படம் நின்னுபோனது எனக்கும் தெரியும் சார், இங்கயும் உங்க முகம் அப்படியே நின்னுச்சு. நீங்க பார்த்தேன்னுட்டீங்க. உங்களைப் போய் எப்படி சார் திரும்பக் கேக்கிறது?" என்றான்.

ஊரிலிருந்து இந்த மரியாதையையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் வருகிறோம். இங்கே நர்ஸ்கூட டாக்டரின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்கிறார். அதைத் திமிர் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியவன் நான். அந்தத் திமிரைக் கேட்டிருந்தால் ஒரு மனிதனின் கை இருந்திருக்கும்.

வேலையை விட்டு மதுரைக்கே திரும்பிவிட டிக்கெட் எடுத்தேன். போன வாரம் ஆறுமுகம் மருத்துவமனைக்கு வந்தார். பத்துமலை முருகன் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. அழைப்பிதழை எல்லோர் முன்னிலையிலும் இடக்கையால் நீட்டினார். அப்படிக் கொடுத்தால் நம்மவர்களிடம் என்ன அர்த்தம் என்பது இருவருக்கும் தெரியும்.

"இதுதான் டாக்டர் மிச்சம். வாங்கிக்குங்க."

இரண்டு கைகளாலும் வாங்கினேன்.

"வருவீங்கல்ல?" கண்ணை எடுக்காமல் கேட்டார். அழைப்பா, மிரட்டலா, இன்னும் தெரியவில்லை.

டிக்கெட்டையும் அழைப்பிதழையும் அருகருகே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இரண்டிலும் ஒரே தேதி.