பாவாயி வீட்டுக் கோழிகள்

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே காட்டோரம் குடியிருந்தவள் பாவாயி. 1936 மார்கழியில் கொல்லிமலைப் பனி அவள் வாசல் வரை இறங்கி வந்தது. அந்த வெண்மைக்குள் காட்டுப்பூனையும் வந்து, கோழிகளை மூடியிருந்த மூங்கில் கொடாப்பைத் தள்ளி, ஒரு பெட்டையைத் தூக்கிப் போனது.

அன்று மாலையே கொடாப்பை வீட்டுக்குள் வைத்தாள்.

"ஊட்டுக்குள்ளயா? நாத்தமடிக்குமே," என்றான் அவள் புருசன் சென்னியப்பன்.

"பனி போற வரைக்குமுங்க."

அவன் முணுமுணுத்தபடி படுத்தான். கோழிகள் தூக்கத்தில் மெல்ல முனகின. அந்தச் சிறு வீடே இளஞ்சூடாகி, எல்லோருமாய்ச் சேர்ந்து ஒரே மூச்சு விடுவதுபோல் பாவாயிக்குத் தோன்றியது. முணுமுணுப்பு எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. கதவு திறந்து கிடந்தது, கொடாப்பு காலி. பதறி வெளியே வந்தாள். எங்கும் பனி. முருங்கை மரம்கூடத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து, "பா... பா..." என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நோக்கி நடந்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் தடியோடு, சென்னியப்பன் கோழிகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

"நீ போயி அடுப்பப் பத்த வையி. வெயில் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்," என்றான்.

அந்தப் பனிக்காலத்தில் அதன்பிறகு ஒரு கோழிகூடக் குறையவில்லை.