ஆடியில் அழித்த ஆப்

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. ஆடி 28. எழுந்தது 5.15. மோட்டார் போட்டு நிறுத்தியாயிற்று, தொட்டி வழியவில்லை. நடை: இல்லை. காரணம்: மழை வருவதுபோல் இருந்தது. இட்லி நான்கு. கம்பெனி பஸ் ஆறு நிமிடம் தாமதம்.

அந்த நாளின் டைரிப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. ஜனவரியில் நடைப்பயிற்சிக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். அது வாசல் அலமாரியின் கீழ்த்தட்டில் பெட்டியோடு பத்திரமாக இருந்தது. மழை வருவதுபோல் இருந்தது என்ற காரணத்தை ஏப்ரல், மே மாதப் பக்கங்களிலும் எழுதியிருக்கிறேன். அந்த மாதங்களில் எங்கள் ஊரான வடக்குப்பட்டில் தார் ரோடு உருகி செருப்பில் ஒட்டும். டைரியை யாரும் படிப்பதில்லை என்ற தைரியம்தான்.

நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். எங்கள் இடத்தில் சிவப்பு அட்டை என்று ஒரு முறை உண்டு. ஒரு மாதம் யாரும் தொடாத பொருள் எதுவானாலும் அதில் சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவோம். பிறகு அந்தப் பொருளுக்குச் சொந்தமான பிரிவைக் கேட்போம். வேண்டும் என்றால் எடுத்துப் பயன்படுத்த வேண்டும், வேண்டாம் என்றால் வெளியேற்றிவிடுவோம். அந்த வருடம் தணிக்கையில் எங்கள் ஸ்டோர்ஸுக்கு முதலிடம் கிடைத்தது. கேடயத்தை மேலாளர் அறையில் வைத்துக்கொண்டார்கள். உற்சாகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டைரியின் அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் மனைவி தன் போன் ஹேங் ஆவதாகச் சொன்னாள். சொன்னது அவ்வளவுதான். நான் அதைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுப் போன்கள் இரண்டும் ஒரே கணக்கில் ஓடுகின்றன, அது என்னுடைய மின்னஞ்சல் கணக்கு. அவள் போன் வாங்கிய அன்று, தனியாக ஒரு கணக்கு எதற்கு என்று நானேதான் அப்படி அமைத்தேன். அதனால் போனின் பிளே ஸ்டோரில் பார்த்தால் இத்தனை வருடங்களில் இருவரும் இறக்கிய ஆப்கள் எல்லாம், இப்போது போனில் இல்லாதவையும் சேர்த்து, வரிசையாக நிற்கும். பழைய பஸ் நேர ஆப், பல்லி விழும் பலன், தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ஆப், மிட்டாய்களை வெடிக்கவைக்கும் விளையாட்டுகள். ஆள் காலிசெய்துபோன வீட்டின் வாசலில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குவதுபோல.

முதலில் அவள் போனில் ஒரு மாதமாகத் திறக்காத ஆப்களை நீக்கினேன். அடுத்து ஸ்டோரின் பட்டியலிலிருந்தும் அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். தேடியவற்றின் வரலாற்றையும் அழித்தேன். கை நிற்கவில்லை. குறுஞ்செய்திகளுக்குள் போய் பழைய ஓடிபி எண்களையும், வாட்ஸப்புக்குள் போய்ப் பழைய படங்களையும் கூண்டோடு துடைத்தேன். போன் புதிதாகிவிட்டது. டைரியில் "மனைவியின் போன், ஒழுங்கு செய்தது, திருப்தி" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது தையல் மிஷினுக்கு முன்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை. மேசைமேல் அரக்கு நிறப் பட்டுத் துணி ஒன்று வெட்டாமல் விரித்துக் கிடந்தது.

"இன்னாங்க, ஞாயித்துக்கெழம என் போன எடுத்து இன்னா பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன். இப்போ ஹேங் ஆகுதா, சொல்லு."

"ஆவல. ஹேங் ஆவறதுக்கு உள்ள இன்னா கீது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் மெல்லத் தெரிந்தது.

அவள் வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறாள். எதிரே இருக்கும் பெண்கள் ஹாஸ்டல்தான் அவளுக்கு முக்கால்வாசி வாடிக்கை. எல்லாம் தெற்கிலிருந்து வந்து கம்பெனிகளின் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண்கள். அவர்களுடைய அளவுகளை அவள் ஒரு ஆப்பில் பதிந்து வைத்திருந்தாள். தினமும் திறக்கும் ஆப்தான். ஆனால் ஆனிக் கடைசி வாரத்திலிருந்து ஆடிக் கடைசி வரை அவள் கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். முகூர்த்தம் கிடையாது, அவசரத் துணி வராது, மிஷினைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு அம்மன் கோயில் கூழுக்குப் போய்விடுவாள். வருடத்தில் அந்த ஆப் ஒரு மாதம் தூங்கும் காலம் அது ஒன்றுதான். சரியாக அந்த மாதம் முடியும் தறுவாயில் சிவப்பு அட்டையோடு நான் போயிருக்கிறேன்.

"மறுபடி அளவு எடுத்தா போச்சு" என்றேன்.

"யார்கிட்ட எடுக்கறது? முக்காவாசி லீவு போட்டுக்கினு ஊருக்குப் பூடுச்சுங்க. இந்தப் பட்டு யாருதுன்னு நெனச்சீங்க? ஹாஸ்டல் மாடி ரூம்ல கண்ணாடி போட்ட பொண்ணு கல்யாணப் பொடவைது. துணி இங்க கீது, ஒடம்பு தென்காசில கீது. ஆவணி பொறந்தா மொத முகூர்த்தமே அதுதான். நான் நாளைக்கு வெட்டி ஆவணும்."

"போன் பண்ணி அங்கே ஒரு டெய்லரிடம் அளவு எடுத்து..."

"அவன் டேப்பு, அவன் கணக்கு. அதுல நான் வெட்டி, தாலி கட்டற நேரத்துல கொக்கி பிச்சுக்கினா, நீங்க போய் நிப்பீங்களா?"

பட்டுத் துணியில் ஒரு முறை கத்தரி பட்டால் பட்டதுதான். புடவையிலிருந்து பிரித்த துணி, வேறு வாங்கவும் முடியாது.

ஆப்பைத் திரும்ப இறக்கிவிட்டால் போதும், நம்பரைப் போட்டு உள்ளே நுழைந்தால் பதிந்ததெல்லாம் வந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் எந்த ஆப்? அதன் பெயர் அவளுக்குத் தெரியாது. மிஷின் வாங்கிய கடைக்காரர் ஏற்றிக்கொடுத்தது. அந்தக் கடை இப்போது பிரியாணிக் கடை.

"எப்படி இருக்கும், அதையாவது சொல்லு."

"ஊதா கலர்ல கத்தரிக்கோல் போட்டு இருக்கும். பேரு எதுக்கு எனக்கு? என் வூட்டுக்குள்ள நொழைய நான் கதவு நம்பரா பாக்கறேன்?"

ஸ்டோரின் பழைய பட்டியலில் பார்க்கலாம் என்று திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே அழித்தது. தேடல் வரலாறு? அதுவும் அழித்தது. ஓடிபி வந்த குறுஞ்செய்தியில் பெயர் இருக்குமே என்று போனேன். அந்தப் பெட்டியும் காலி. ஒவ்வொரு கதவாக நான் தட்டித் தட்டி நகர்வதை அவள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருடன்கூட அவசரத்துல ஒரு செருப்ப உட்டுட்டுப் போவான்" என்றாள். "நீங்க பெருக்கி, மெழுகி, கோலமும் போட்டுட்டுப் போயிருக்கீங்க."

பிறகு தேட ஆரம்பித்தோம். தையல் என்று போட்டாலும் அளவு என்று போட்டாலும் கத்தரிக்கோல் படங்களாகக் கொட்டின. ஊதாவிலேயே ஏழெட்டு. ஒவ்வொன்றாக இறக்கித் திறந்தோம். ஒன்று சுவரின் நீளத்தை அளந்தது. ஒன்று கோட்டு சூட்டு மட்டும் தைத்தது. ஒன்று முடிவெட்டும் விளையாட்டு. அதில் ஒரு கரடிக்கு கிராப் வெட்டிவிட்ட பிறகுதான் அது விளையாட்டு என்று எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இருந்ததைவிடப் போன் இப்போது அதிகக் குப்பையாகிவிட்டது.

அந்த நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. ஹாஸ்டலிலிருந்து ஒரு பெண். காலை ஷிஃப்ட் முடிந்து, குளித்து, ஈரத்தலையோடு ஒரு துணிப்பையை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். அவளும் தென்காசிப் பக்கம்தான்.

"யக்கா, நான் நாளைக்கு ஊருக்குப் போறேன். துணியக் குடுத்துட்டுப் போறேன், வந்து வாங்கிக்கிடுதேன். அளவுதான் ஒங்ககிட்ட இருக்குல்லா?"

"இருந்திச்சு" என்றாள் மனைவி. "எங்க வூட்டுக்காரர் கிளீன் பண்ணிட்டார். அவர் கம்பெனியில ரொம்ப நல்ல பேரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நடந்ததை மனைவி சொல்லி முடித்தாள். அந்தப் பெண் பையின் காதை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

"யக்கா, ஒண்ணு சொன்னா ஏசக்கூடாது."

"சொல்லு."

"பொங்கலுக்கு முன்னாடி என் அளவ வாட்ஸப்புல அனுப்பச் சொன்னேம்லா. அம்மா பாக்கணும்னு."

"ஆமா, அனுப்பினேன்."

"அம்மா பாக்கல. ஊர்ல ஒரு டெய்லர்ட்ட குடுத்துட்டேன். பொங்கச் சீலைக்கு."

மனைவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அளவுகள் போன துக்கம் ஒரு கணம் அவள் முகத்திலிருந்து காணாமலே போய்விட்டது.

"ஓகோ. எப்படித் தச்சான்?"

"அத ஏங் கேக்கிய. கைய தூக்க முடியல. பொங்கப் பானைய எறக்கவே அண்ணனக் கூப்பிட்டேன்."

"நல்லா வேணும் உனக்கு."

"நல்லா வேணும்தாங்க்கா. ஆனா அந்தப் படம் இன்னும் கெடக்கு. நான் ஒண்ணத்தையும் அழிக்கிறதில்ல."

கடைசி வாக்கியத்தை அவள் எனக்காகச் சொல்லவில்லை என்று நம்ப விரும்புகிறேன். அவளுடைய போன் காமிராவின்மேல், உள்ளே படம் எடுக்காதிருக்கக் கம்பெனி கேட்டில் ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் இன்னும் இருந்தது. கட்டைவிரலால் மாதங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். மாசி, தை, மார்கழி. படம் வந்தது. மார்பு, இடுப்பு, கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து எல்லாம் வரிசையாக. அடியில், எறும்பு அளவு எழுத்தில், அந்த ஆப்பின் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை, விளம்பரமாகிவிடும்.

இறக்கினோம். ஊதா இல்லை, ரோஸ் நிறம். மனைவி தன் நம்பரைப் போட்டாள். ஓடிபி வந்தது. சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குனிந்து நின்றோம். குக்கர் விசில் அடித்தது, யாரும் நகரவில்லை. சட்டென்று பெயர்கள் கொட்டின.

பெயர்கள் என்று சொல்ல முடியாது. ஹாஸ்டலில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அதனால் அவள் தன் வழியில் பதிந்திருந்தாள். "மாடி கண்ணாடி." "ஓ.டி. பாக்கற பொண்ணு." "வாய் ஜாஸ்தி." "கேன்டீன் அக்கா."

"மாடி கண்ணாடி"யைத் தொட்டதும் கல்யாணப் பெண்ணின் அளவுகள் கால் அங்குலம் குறையாமல் வந்து நின்றன. மனைவி மூச்சை விட்டாள். பட்டுத் துணியின் ஓரத்தை ஒரு முறை தடவிக்கொடுத்தாள்.

"யக்கா, நான் எதுல இருக்கேன்?" என்றாள் அந்தப் பெண்.

"நீ எதுக்குப் பாக்கற?"

பார்த்துவிட்டாள். "'வாய் ஜாஸ்தி' நானாக்கும்!"

"இல்லன்னு சொல்லு பாப்போம்."

நானும் விரலால் பட்டியலைத் தள்ளினேன். கடைசிக்குப் பக்கத்தில் "வூட்டுக்காரர்" என்று ஒன்று இருந்தது. அவள் எனக்கு எதுவும் தைப்பதில்லை. திறந்தேன். இடுப்பு 35. அடுத்த வருடத் தேதி போட்டு 36. அதற்கும் அடுத்து, 37.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை சீருடை அளவு கேட்பார்கள். சேர்ந்த நாளிலிருந்து என் பேன்ட் 34. ஒவ்வொரு வருடமும் அதையே உரக்கச் சொல்லுவேன், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. வரும் பேன்ட் தவறாமல் பொருந்தும். ஒழுங்கான வாழ்க்கையின் பலன் என்று இளையவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"இது என்ன?" என்றேன்.

"வருஷா வருஷம் உங்க யூனிபார்ம் பேன்ட்ட பின்னால பிரிச்சு உடறேன் இல்ல? எவ்ளோ உட்டேன்னு தெரிய வேணாமா?"

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லியே. இன்னும் அரை இன்ச்சு துணிதான் பாக்கி. அதுக்கு மேல போனா கம்பெனில நெசமான சைஸ சொன்னாதான் உண்டு."

வாய் ஜாஸ்தி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது.

நீக்கு என்ற பொத்தான் அந்தப் பக்கத்தின் மேல் மூலையிலேயே இருந்தது. என் விரல் எப்போது அங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மனைவி மெதுவாகப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஹிஸ்டரிய அழிச்சா இடுப்பு எளச்சிடுமா?"

அந்தப் பெண் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஊர் டெய்லரைப் பற்றி மனைவி அவளை வாசல் கேட் வரை விசாரித்துக்கொண்டே போனாள். நான் முடிவெட்டும் கரடியையும், சுவர் அளக்கும் ஆப்பையும், மற்றவற்றையும் நீக்கினேன். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் "இது வேண்டுமா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துக் கேட்டேன். கரடி மட்டும் இருக்கட்டும் என்றாள்.

சாப்பாட்டின்போது, சிவப்பு அட்டை என்கிறீர்களே, அதை எப்படிக் கட்டுவீர்கள் என்று விசாரித்தாள். கட்டின பிறகு சொந்தக்காரரைக் கேட்காமல் தூக்கிப் போடலாமா என்றாள். கூடாது, அதுதான் முதல் விதி என்றேன். சொல்லி முடிக்கும்போதே நான் சொன்னது எனக்கே உறைத்தது. அவள் ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள், 14ஆம் தேதி, எழுந்தது 5.10. வானம் தெளிவு. பால் எடுக்க வாசலுக்குப் போனபோது அலமாரியின் கீழ்த்தட்டில் ஷூ பெட்டிக்கு வெளியே இருந்தது. இரண்டு ஷூவையும் சேர்த்து, ஏதோ பழைய ப்ளவுஸில் மிஞ்சிய ஒரு முழம் சிவப்புத் துணியால் கட்டியிருந்தது. அதில் ஒரு காகிதத்தைக் குண்டூசியால் குத்தியிருந்தாள்: "ஏழு மாசமா யாரும் தொடல. வேணுமா, வேணாமா? ஓனர் சொல்லவும்."

முடிச்சை அவிழ்த்தேன். துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஷூவைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன்.