கெலிஓயா பேக்கரியில் புகுந்த கும்பல்

கண்டியில் ஒரு சிறிய தொலைக்காட்சியின் இணையத்தளத்துக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சிக்கு ஏதோ விளம்பரம் வந்தது. இணையத்தளத்துக்கு வரவே இல்லை. இதை மூடிவிடலாமா என்று மேலிடம் கேட்டதிலிருந்து எங்கள் ஆசிரியருக்கு நிம்மதி போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் கெலிஓயாவில் ஒரு பேக்கரிக்குள் குரங்குகள் புகுந்து பணிஸ்களைத் தூக்கிக்கொண்டு ஓடின. யாருக்கும் காயமில்லை. நான் எழுதிய தலைப்பு: ‘பேக்கரியில் குரங்குகள் அட்டகாசம்.’

“இதை யாரும்மா தொட்டுப் பார்ப்பாங்க?” என்ற ஆசிரியர், தானே மாற்றினார்: ‘பேக்கரிக்குள் புகுந்த கும்பல்! முதலாளியின் கதி என்ன?’ கூடவே முதலாளியின் படம், கறுப்பு வெள்ளையில். குரங்குகள் கடைசிப் பத்திக்குப் போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து, காலையில் அந்த முதலாளியே அலுவலகத்துக்குள் வந்துவிட்டார். ஆசிரியர் கதிரையை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை.

“நேத்து காலையில உங்க செய்தியைப் பார்த்துட்டு ஹட்டன்ல இருந்து எங்க மச்சான் வேன் புடிச்சு சனத்தோட வந்து எறங்குறாரு. எல்லாரும் வெள்ளை உடுப்பு. கையில மலர்வளையம். நான் கண்ணாடி அலுமாரியில பாண் அடுக்கிக்கிட்டு நிக்கிறேன். ‘வாங்க மச்சான்’னு கூப்பிட்டா, அந்த மனுஷன் மயங்கி விழுந்துட்டாருங்க!”

சிரிப்பை அடக்க நான் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“மன்னிச்சிருங்க ஐயா. இப்பவே திருத்தம் போடுறோம்” என்றார் ஆசிரியர்.

“கொஞ்சம் பொறுங்க.” அவர் குரல் இறங்கியது. “துக்கம் விசாரிக்க வந்த சனம் எல்லாம் தேத்தண்ணி குடிச்சு, பணிஸ் சாப்பிட்டு, வீட்டுக்கும் வாங்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் கும்பல் வந்த கடையைப் பார்க்கணும்னு ஊரே வந்துச்சு. பகலுக்குள்ள அலுமாரி காலி. உங்க இதுல ஒரு விளம்பரம் போட முடியுமா?”

ஆசிரியர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் தளத்தின் முதல் விளம்பரம் அதுதான். உடனே எழுதச் சொன்னார். ‘சுத்தமான, சுவையான பணிஸ், கெலிஓயாவில்’ என்று பிழையில்லாமல் எழுதி நீட்டினேன்.

முதலாளி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. ஆனா என்னையச் சாகடிச்சவர் யாரோ, அவரையே எழுதச் சொல்லுங்களேன்.”